34 அங்குலப் பேட்டர்ன், 40 அங்குல உடம்பு: 1940-களின் ஸ்வெட்டரை இன்று பின்னுவது குறித்து

உங்கள் கேள்வியை ஒருமுறை என் சொற்களில் திருப்பிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். பிரிட்டனில் ஒரு பழம்பொருள் கடையில் பெண்களுக்கான அரைக்கை ஸ்வெட்டர் பேட்டர்ன் ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். பார்க்க 1940-களின் தாளாகத் தெரிகிறது. மூன்று பிளை (மூன்று இழை முறுக்கிய) கம்பளி நூல் ஏழு அவுன்ஸ், 12-ஆம் எண் ஊசி, 10-ஆம் எண் ஊசி, மார்பளவு 34 அங்குலம், அங்குலத்துக்கு எட்டுக் கண்ணி (பின்னல் வளையம்) என்று அதில் அச்சாகியிருக்கிறது. உங்கள் மார்பளவு 40. கையில் இருப்பதோ அதைவிடத் தடித்த டபுள் நிட்டிங் நூலும் 4 மில்லிமீட்டர் ஊசியும். இவற்றை வைத்தே பின்னினால் படத்தில் இருப்பதுபோல் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். கழுத்துப் பட்டியை ஒற்றைக் கொக்கி ஊசியால் பின்னும் குரோஷாவில் போட விருப்பம் என்றும், புடவையோடு அணிய முடியுமா என்றும் கடைசியில் சேர்த்திருக்கிறீர்கள். மேலோட்டமாக இது நூலும் ஊசியும் பற்றிய கேள்வி. ஆனால் நீங்கள் அறிய விரும்புவது, ஒரு பின்னலாடையைப் பார்த்தவுடன் "இது அந்தக் காலத்தது" என்று தோன்றவைப்பது எது என்பதைத்தான். அது பூ வேலைப்பாட்டிலோ பட்டனிலோ நிறத்திலோ இல்லை என்பது என் எண்ணம். மெல்லிய நூலை இறுக்கமாகப் பின்னும்போது கிடைக்கும் துணியிலும், அந்தத் துணி இடுப்போடு நின்று தோளில் நிமிரும் வடிவிலும்தான் அது இருக்கிறது.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்னுகிறேன். அதில் பாதிக் காலம் இத்தகைய பழைய தாள்களோடு கழிந்தது. என் முதல் முயற்சியும் நீங்கள் இப்போது நினைத்திருப்பதுதான். டபுள் நிட்டிங் நூலை எடுத்து, கண்ணிகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டு, அளவெல்லாம் சரியாக வரும்படி பின்னி முடித்தேன். அளவு சரியாகத்தான் வந்தது. ஆனால் படத்தில் இருந்த பெண்ணின் ஸ்வெட்டர் உடம்போடு ஒரு மெல்லிய சட்டையைப்போல் படிந்திருக்க, என்னுடையது ஊட்டி மார்கழிக்குப் போட்டுக்கொள்ளும் பனிச்சட்டையைப்போல் புடைத்து நின்றது. இடுப்பில் அழகாகச் சுருங்க வேண்டிய ரிப் பட்டை (நீண்டு சுருங்கும் கோட்டுப் பின்னல்) தடிமனான வளையமாகிவிட்டது. கையின் தலைப்பகுதியில் வர வேண்டிய சிறு மடிப்புகள் முடிச்சுபோல் திரண்டன. ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு விடை: டபுள் நிட்டிங் நூலில் பின்னலாம், அணியலாம், ஆனால் படத்தில் இருப்பதுபோல் வராது. அந்த நூலை ஒரு தொப்பிக்கோ மஃப்ளருக்கோ எடுத்து வையுங்கள்.

துணிதான் முதன்மை என்று நான் சொல்வதற்குப் பின்னல் வரலாற்றிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1927-இல் பாரிஸில் ஆடை வடிவமைப்பாளர் எல்சா ஸ்கியாபரெல்லியைப் புகழின் உச்சிக்குக் கொண்டுபோனது, கழுத்தில் வெள்ளை போ (பூப்போன்ற நாடா முடிச்சு) கட்டியிருப்பதுபோல் கண்ணை ஏமாற்றும் ஒரு கறுப்பு ஸ்வெட்டர். எல்லோரும் அந்தப் போவைத்தான் பேசுவார்கள். ஆனால் அதைப் பின்னியவர்கள் பாரிஸில் குடியேறியிருந்த ஆர்மீனியப் பெண்கள். கறுப்பு நூலோடு வெள்ளை நூலையும் பின்பக்கம் கூடவே இழுத்து, சில கண்ணிகளுக்கு ஒருமுறை அதைப் பிடித்துப் பின்னும் முறை அவர்களுடையது. அதனால் துணி தொய்யாமல் நின்றது. கறுப்பினூடே வெள்ளைப் பொடி தூவினாற்போல் ஒரு தோற்றமும் கிடைத்தது. அதே படத்தை வேறு யாரேனும் தொளதொளப்பான துணியில் பின்னியிருந்தால் அது வேடிக்கைப் பொருளாக முடிந்திருக்கும்.

உங்கள் தாளின் காலத்துக்கு வருகிறேன். பிரிட்டனில் உடைகளுக்கான ரேஷன் 1941 ஜூன் 1 அன்று தொடங்கி 1949 மார்ச் வரை நீடித்தது. முதல் ஆண்டில் ஒருவருக்கு 66 கூப்பன்கள். பின்னல் கம்பளி இரண்டு அவுன்ஸுக்கு ஒரு கூப்பன். உங்கள் தாள் கேட்கும் ஏழு அவுன்ஸுக்கு நான்கு கூப்பன்கள் போயிருக்கும். பழைய ஸ்வெட்டரைப் பிரித்து, நூலைச் சிட்டமாகச் சுற்றி, நனைத்து, கீழே பாரம் கட்டித் தொங்கவிட்டுச் சுருளை நீக்கி மறுபடி பின்னுவது அப்போது வீட்டுக்கு வீடு நடந்த வேலை. மிச்ச நூல்களைத் தீர்க்கவே கோடுகளும் பல நிற மேல்பகுதிகளும் கொண்ட பேட்டர்ன்கள் பெருகின. ஆனால், குட்டையான உடலும் ஒட்டிய வடிவும் ரேஷனால் மட்டுமே வந்தவை என்று பலர் எழுதுவது பாதி உண்மைதான். உயர்ந்த இடுப்புள்ள பாவாடைக்கு ஏற்ற குட்டை ஸ்வெட்டர் 1930-களிலேயே வழக்கத்தில் இருந்தது. ரேஷன் அதை நீடிக்கச் செய்தது, அவ்வளவே. தாளில் ஆண்டு அச்சிடப்படவில்லை என்கிறீர்கள். அக்காலத் தாள்களில் பெரும்பாலானவற்றில் அது இருக்காது. கூப்பன் பற்றிய குறிப்பு எங்காவது இருந்தால் 1941-க்கும் 1949-க்கும் இடைப்பட்டது என்று உறுதியாகச் சொல்லலாம். தலைமுடி அலங்காரத்தையும் தோளின் அகலத்தையும் வைத்து ஆண்டு சொல்பவர்கள் ஊகிக்கிறார்கள். நானும் அப்படி ஊகித்துத் தவறியிருக்கிறேன். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால் லண்டன் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகம் 1940-களின் சில பேட்டர்ன்களை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வின்செஸ்டர் கலைப்பள்ளியின் நூலகத்திலும் பெரிய பின்னல் சேகரிப்பு உண்டு. அதில் ஒரு பகுதி ரிச்சர்ட் ரட் சேர்த்து வைத்தது. அவர் ஆங்கிலிகன் பிஷப்பாக இருந்தவர், நல்ல பின்னல்காரர். பின்னல் பெண்களின் வேலை என்று யாராவது சொன்னால் அவர் பெயரைச் சொல்லி வாயடைப்பது என் வழக்கம்.

ஊசி எண்களில் சந்தேகத்துக்கு இடமில்லை. பழைய பிரிட்டிஷ் கணக்கில் எண் கூடக்கூட ஊசி மெலியும்: 14-ஆம் எண் 2 மில்லிமீட்டர், 12-ஆம் எண் 2.75, 10-ஆம் எண் 3.25, 8-ஆம் எண் 4. அமெரிக்கக் கணக்கு இதற்கு நேர்மாறானது. அங்கே எண் கூடினால் ஊசி தடிக்கும், அமெரிக்க 10 என்பது 6 மில்லிமீட்டர். தாளில் விலை ஷில்லிங்கிலோ பென்ஸிலோ இருந்தால் பிரிட்டிஷ் கணக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வேண்டியவை 2.75 ஊசியும் 3.25 ஊசியும்: முதலாவது ரிப் பட்டைகளுக்கு, இரண்டாவது மற்றதற்கு.

நூலில் அவ்வளவு உறுதி கிடையாது. பிளை என்பது எத்தனை இழைகளை முறுக்கினார்கள் என்பதைக் குறிக்கும் சொல். அந்த இழை எவ்வளவு தடிமன் என்பதை அது சொல்லாது. ஆகவே ஓர் ஆலையின் மூன்று பிளையும் இன்னோர் ஆலையின் மூன்று பிளையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஷெட்லாந்துத் தீவுகளின் ஸ்வெட்டர் நூல் இரண்டு பிளை என்ற பெயரில் விற்கப்படுகிறது, ஆனால் பின்னினால் நான்கு பிளையின் அளவுக்கு வரும். பெயரை மட்டும் பார்த்து லேஸ் நூல் என்று நினைத்து ஒதுக்கியவர்கள் உண்டு. அதனால் உங்கள் தாளில் நம்பத் தகுந்த ஒரே எண், அங்குலத்துக்கு எட்டுக் கண்ணி என்பதுதான். பிளையை மறந்து அந்த எட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். நாற்பது கண்ணி போட்டு, ஐந்து அங்குல உயரத்துக்கு ஒரு மாதிரித் துண்டு பின்னி, நனைத்து, இழுக்காமல் விரித்துக் காயவைத்து, ஓரங்களை விட்டு நடுவில் எண்ணுங்கள். அரைக் கண்ணிதானே என்று விட்டுவிடக்கூடாது. முன்னும் பின்னுமாக 272 கண்ணிகள் உள்ள ஸ்வெட்டர் எட்டுக்கு 34 அங்குலம். ஏழரை வந்தால் அது 36 அங்குலத்தைத் தாண்டிவிடும்.

இந்த வழுக்கலே உங்களுக்கு ஒரு வழியும் காட்டுகிறது. அதே 272 கண்ணிகளை அங்குலத்துக்கு ஏழு என்ற கணக்கில், அதாவது இன்று எளிதில் கிடைக்கும் நான்கு பிளை நூலில் பின்னினால் சுற்றளவு ஏறத்தாழ 39 அங்குலம் வரும். 40 அங்குல உடம்புக்கு 39 அங்குல ஸ்வெட்டரா என்று தயங்க வேண்டாம். அந்தக் காலத்து ஸ்வெட்டர் உடம்பளவுக்கோ அதைவிடச் சற்றுச் சிறிதாகவோ பின்னப்பட்டு, நீண்டுகொடுத்து ஒட்டி நிற்கும். இன்று நாம் பழகியிருக்கும் இரண்டு, நான்கு அங்குலத் தாராளம் அதில் இல்லை. கண்ணி எண்ணிக்கை எதையும் மாற்றாமல் ஊசியையும் நூலையும் ஒரு படி ஏற்றினாலே 34 கிட்டத்தட்ட உங்கள் அளவாகிவிடுகிறது. துணியும் மெல்லியதாகவே இருக்கிறது. ஒரே நிபந்தனை, வரிசைகளை எண்ணுவதை விட்டுவிட்டு அங்குலத்தைப் பின்பற்றுவது. அக்குள் வரை உயரம், அக்குளின் ஆழம், கையின் நீளம் ஆகியவற்றைத் தாளில் உள்ள அளவுக்கோ உங்கள் உடம்பின் அளவுக்கோ டேப் வைத்து நிறுத்துங்கள். இல்லாவிட்டால் உயரமும் தானாக வளர்ந்துவிடும். நூல் ஏழு அவுன்ஸ், அதாவது சுமார் 200 கிராம் போதாது. 300 கிராம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஒரே சாய எண்ணில்.

இன்னொரு வழி, மூன்று பிளையிலேயே நின்று கண்ணிகளைக் கூட்டுவது. இது கூடுதல் உழைப்பு. ஆனால் பொருத்தம் இதில்தான் சிறக்கும். ஆறு அங்குலத்துக்கு 48 கண்ணிகள்: முன்பக்கம் 24, பின்பக்கம் 24. இங்கே பலர் செய்யும் தவறு, மார்பில் கூட்டியதைத் தோள்வரை அப்படியே கொண்டுபோவது. மார்பளவு 34-இலிருந்து 40-க்குப் போகும்போது மார்பு ஆறு அங்குலம் கூடினாலும், முதுகின் குறுக்களவு ஓர் அங்குலம், மிஞ்சினால் ஒன்றரை அங்குலம்தான் கூடும். எலும்பு அவ்வளவு அகலமாவதில்லை. ஆகவே முன், பின் துண்டு ஒவ்வொன்றிலும் இடப்புறமும் வலப்புறமும் கூட்டிய பன்னிரண்டில் எட்டை அக்குள் வளைவில் கூடுதலாகக் குறைத்துவிட்டு, நான்கை மட்டும் தோளுக்கு விடுங்கள். அந்த எட்டும் கையின் மேல்சுற்றளவுக்கு இடம் தருவதால், கையிலும் அதே அளவு கண்ணிகளைக் கூட்டி அதே அளவு குறைக்கலாம். வேலைப்பாடு எத்தனை கண்ணிகளுக்கு ஒருமுறை திரும்புகிறது என்பதையும் பார்க்க வேண்டும். எட்டாக இருந்தால் 24 சரியாக மூன்று மடங்கு. பத்தாக இருந்தால் இருபதைக் கூட்டி, மிச்ச நான்கை விலாப்புறத் தையலை ஒட்டி வெறும் பின்னலாக விட்டுவிடுங்கள், யார் கண்ணிலும் படாது. இரண்டு வழிகளில் எது என்று தாளையும் உங்களையும் நேரில் பார்க்காமல் தீர்த்துச் சொல்வது கடினம். தோள் குறுகியவராக இருந்தால் கண்ணி கூட்டும் வழியை எடுங்கள். முதல் வழியில் தோளும் எட்டுக்கு ஏழு என்ற விகிதத்தில் அகலும். 13 அங்குலத் தோள் 15-ஐ நெருங்கிவிடும்.

நூல் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மெஷினில் துவைக்கலாம் என்று பதப்படுத்திய கம்பளியில் இயல்பான சுருள் மீட்சி குறைந்திருக்கும். துவைத்த பிறகு நீண்டு தொங்கும் போக்கு உண்டு. ஒட்டி நிற்க வேண்டிய ரிப் பட்டைக்கு அது ஆகாது. பதப்படுத்தாத சாதாரணக் கம்பளியை வாங்கிக் கையால் துவையுங்கள். நம் ஊரில் உல்லன் நூல் என்று விற்பதில் பெரும்பகுதி அக்ரிலிக்; உறவினர் யாரேனும் அங்கிருந்து வாங்கி அனுப்பினால் ஒரு துண்டைக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி முடி கருகும் வாசனையோடு எரிந்து, விரலில் பொடியாகும் சாம்பலாகும். அக்ரிலிக் உருகிக் கெட்டி மணியாக இறுகும். அக்ரிலிக்கில் பின்னக்கூடாது என்றில்லை, ஆனால் நனைத்து விரித்தால் அது கம்பளியைப்போல் அளவுக்கு நிற்காது. அவசரப்பட்டுச் சூடான இஸ்திரிப்பெட்டியை வைத்தால் உயிரற்றுத் தட்டையாகிவிடும், அதை மீட்க முடியாது.

தாளின் மொழி உங்களைத் திகைக்க வைத்திருக்கலாம். பழைய பேட்டர்ன்கள் பின்னத் தெரிந்தவர்களுக்காக எழுதப்பட்டவை. "வலப்பக்கத்தை இடப்பக்கத்துக்கு எதிராகப் பின்னுக" என்ற ஒரே வரியில் நாற்பது வரிசைகளை முடித்துவிடுவார்கள். நிட் என்னும் அடிப்படைக் கண்ணியைச் சில தாள்கள் பிளெயின் என்று குறிக்கும். மேக் ஒன் என்பது இன்னும் ஆபத்தானது: இன்று அது ஓட்டை விழாமல் ஒரு கண்ணி கூட்டுவதைக் குறிக்கும், பழைய தாள்களிலோ பல இடங்களில் நூலை முன்னே கொண்டுவந்து வேண்டுமென்றே ஓட்டை விடுவதைக் குறிக்கும். வேலைப்பாடு லேஸ் போலிருந்தால் இரண்டாவது பொருளைக் கொள்ளுங்கள். ஒரே வரிசையில் அதற்கு ஈடாக இரண்டை ஒன்றாக்கும் குறைப்பும் இருந்தால் அது பெரும்பாலும் ஓட்டைதான். இதையும் மாதிரித் துண்டிலேயே சோதித்துவிடலாம்.

கழுத்துப் பட்டியைக் குரோஷாவில் போடுவது நல்ல யோசனை, அந்தக் காலத்துக்கு ஒத்ததும்கூட. ஆனால் கம்பளியில் போடாதீர்கள். மெர்சரைஸ்டு (பளபளப்பும் வலுவும் ஏற்றிய) பருத்திக் குரோஷா நூலில் போடுங்கள். அதில் எண் கூடினால் நூல் மெலியும்: 20 பழகியவர்களுக்கு எளிது, 40 மென்மையான லேஸுக்கு. 40-க்கு 1 மில்லிமீட்டரை ஒட்டிய எஃகு ஊசி வேண்டும், நல்ல விளக்கும் வேண்டும். பட்டியைத் தனியாகப் பின்னி, கழுத்தில் லேசான ஓட்டுத்தையலால் பிடித்துவைத்தால், துவைக்கும்போது எடுத்துவிடலாம். அக்காலத்தில் பலர் ஒரே பட்டியை இரண்டு மூன்று உடைகளுக்கு மாற்றி மாற்றித் தைத்துக்கொண்டதும் இப்படித்தான். பழைய குரோஷா பேட்டர்னை எடுத்தால் ஒரு கண்ணிவெடி காத்திருக்கிறது. பிரிட்டிஷ் டபுள் குரோஷா என்பது அமெரிக்க சிங்கிள் குரோஷா. பிரிட்டிஷ் ட்ரெபிள் என்பது அமெரிக்க டபுள். பழைய பிரிட்டிஷ் தாள்களில் சிங்கிள் குரோஷா என்ற சொல்லே வந்தால், அது பெரும்பாலும் ஸ்லிப் ஸ்டிச்சைக் குறிக்கும். தவறாக எடுத்துக்கொண்டால் பட்டி ஓர் அங்குலம் உயரமாகவோ, அசையாத கயிறுபோலவோ வரும். ரோஜாவும் இலையும் தனித்தனியாகப் பின்னி வலையால் இணைக்கும் ஐரிஷ் குரோஷாவை நீங்கள் விரும்பினால், அது 1840-களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தின்போது அயர்லாந்தில் ஏழைப் பெண்களின் வருமானத்துக்காகப் பரப்பப்பட்ட கலை. மோனஹன் மாவட்டத்தின் குளோன்ஸ் என்ற ஊர் அதற்குப் பேர்போனது. நம் பக்கத்தில் அதற்கு நெருங்கிய உறவு ஆந்திரத்தின் நரசாப்பூர்க் குரோஷா லேஸ். நாகர்கோவில் லேஸை இதோடு சேர்த்துக் குழப்புவார்கள். மிஷனரிகளின் மனைவிமார் அங்கே கற்றுக்கொடுத்தது தலையணைமேல் நூல்கட்டைகளை மாற்றிப்போட்டுச் செய்யும் வேறு வகை.

புடவையோடு அணியலாமா என்றால், தாராளமாக. உயர்ந்த இடுப்புப் பாவாடைக்காக வெட்டப்பட்ட அந்தக் குட்டை உடல், பேன்ட்டோடு அணியும்போது வயிற்றைக் காட்டிச் சங்கடப்படுத்துமே தவிர, புடவைக்கு உல்லன் பிளவுஸாக நன்றாகவே அமையும். அப்படி அணிவதானால் இடுப்பு ரிப்பை நான்கு அங்குலத்துக்குப் பதில் இரண்டோடு நிறுத்துங்கள். கொசுவம் செருகும் இடத்தில் தடிக்காது. பேன்ட்டோடும் வேண்டுமென்றால் அக்குளுக்குக் கீழே இரண்டு, மூன்று அங்குலம் கூட்டிக்கொள்ளுங்கள். அதற்கு இன்னும் ஒரு 50 கிராம் உருண்டை ஆகும்.

கடைசியாக, தோள். கையின் தலைப்பகுதி அக்குள் வளைவைவிடப் பெரிதாக இருப்பதைப் பார்த்துத் தவறு என்று நினைத்துக் குறைத்துவிடாதீர்கள். அந்த மிச்சத்தைத் தோளின் உச்சியில் மூன்று, நான்கு சிறு மடிப்புகளாகப் பிடித்துத் தைக்க வேண்டும். உள்ளே ஷோல்டர் பேட் இல்லாவிட்டால் அந்த மடிப்புகள் இரண்டாம் நாளே சரிந்துவிடும். கடையில் விற்கும் பஞ்சு பேட் இதற்குத் தடிமன் அதிகம். மிச்ச நூலில் ஐந்து அங்குலச் சதுரம் ஒன்றை எல்லா வரிசையும் நிட்டாகப் பின்னி, மூலைக்கு மூலை மடித்து, உள்ளே கொஞ்சம் கம்பளிக் கழிவை வைத்து ஓரத்தைத் தைத்தால் முக்கோணப் பேட் தயார். இரண்டுக்குமாகச் சில மணி நேரம் கூடுதலாகச் செலவாகும். மடிப்புப் பக்கம் கையை நோக்கி, தோள் தையலுக்கு அரை அங்குலம் வெளியே நீண்டிருக்கும்படி வைத்து, பிரஸ் பட்டனால் பொருத்துங்கள். துவைக்கும்போது கழற்றிவிடலாம், ஈரத்தில் அதன் பாரம் தோளை இழுக்காது.